ஹொல்லே பாட்டியும் தங்கமழைக் கேள்வியும்

வணக்கம். 'ஹொல்லே பாட்டி' கதையைக் கேட்டதிலிருந்து உங்கள் ஆறு வயது மகள் ஒவ்வொரு சின்ன உதவிக்கும் "எனக்குத் தங்கமழை எப்போம்மா?" என்று கேட்பதாகவும், இந்த மாதிரிக் கதைகளையே நிறுத்திவிடலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நடுப்பகுதியை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்.

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட கதை அது. மாற்றாந்தாயிடம் வளரும் பெண் ஒருத்தி, தவறவிட்ட தக்களியை எடுக்கக் கிணற்றில் குதித்து, ஒரு புல்வெளியில் கண் விழிக்கிறாள். அடுப்புக்குள்ளிருந்து ரொட்டிகள், "எங்களை வெளியே எடு, கருகிவிடுவோம்" என்று கத்துகின்றன. பழுத்துத் தொங்கும் ஆப்பிள் மரம், "என்னை உலுக்கு" என்கிறது. அவள் இரண்டையும் செய்கிறாள்; பிறகு ஹொல்லே பாட்டியின் வீட்டில் தங்கி வேலை செய்கிறாள். பார்க்க அங்கே ஆளில்லை. பரிசு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. வீட்டு ஏக்கம் வந்து கிளம்பும்போதுதான் வாசலில் தங்கம் கொட்டுகிறது.

மாற்றாந்தாயின் சொந்த மகளோ தங்கத்துக்காகவே குதிக்கிறாள். ரொட்டியைத் தொட்டால் அழுக்காகிவிடுவாளாம்! அவள்மேல் கொட்டுவது தார். "இரண்டு பேரில் தங்கத்தையே நினைச்சுக்கிட்டுப் போனது யாரு?" என்று மகளிடமே கேளுங்கள். அவளே யோசித்துச் சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697-இல் வெளியிட்ட, இதே மாதிரியான 'தேவதைகள்' கதை இப்போது வேண்டாம். அதில் கடுஞ்சொல் பேசியவளின் வாயிலிருந்து பாம்பும் தேரையும் விழுகின்றன; பெற்ற தாயே விரட்ட, காட்டில் தனியாகச் சாகிறாள். ஆறு வயதுக்கு அது மிகக் கொடூரம். தார் ஆயுசுக்கும் ஒட்டியிருந்தது என்ற வரியையும் தாராளமாக விட்டுவிடலாம். கிரிம் சகோதரர்களே பதிப்புக்குப் பதிப்பு தங்கள் கதைகளைத் திருத்தியவர்கள்தான்.