இரவு வானப் படம்: எங்கே, எப்போது? கேள்வி-பதில்

கே: படத்தில் ஓரியன் (வேட்டைக்காரன் விண்மீன் கூட்டம்) மேற்கே சாய்ந்திருக்கிறது. நிலா இல்லை. தேதி சொல்ல முடியுமா?

முடியாது. நட்சத்திரங்கள் நாளுக்கு 4 நிமிடம், மாதத்துக்கு 2 மணி நேரம் முந்திக்கொள்கின்றன. மார்ச் 1 இரவு 11 மணி வானமும் ஏப்ரல் 1 இரவு 9 மணி வானமும் ஒன்றுதான். நிலாவோ கிரகமோ சிக்கினால்தான் தேதி.

கே: படத்தில் வியாழன் ரிஷபத்தில் நிற்கிறது. எந்த ஆண்டு?

12 ஆண்டுக்கு ஒருமுறை அங்கே வரும். சனியும் தெரிகிறதா பாருங்கள். இரண்டும் சேர்ந்த அமைப்பு திரும்ப 60 ஆண்டு ஆகும்.

கே: நட்சத்திரப் படத்தை அடையாளம் காணும் அஸ்ட்ரோமெட்ரி.நெட் தளத்தில் ஏற்றினேன். ஊர் வரவில்லையே?

வராது. கேமரா வானத்தின் எந்தப் பகுதியைப் பார்த்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும். ஊருக்கு அடிவானம் வேண்டும். அதைத்தான் நீங்கள் அழகுக்காக வெட்டியிருக்கிறீர்கள். அடிவானத்தை வெட்டாதீர்கள்!

கே: துருவ நட்சத்திரம் 12 டிகிரி உயரம். அட்சரேகை 12 தானே?

ஏறத்தாழ. அது உண்மையான துருவத்திலிருந்து அரை டிகிரிக்குச் சற்று மேலே, காசியோபியா (W வடிவ விண்மீன் கூட்டம்) இருக்கும் பக்கமாகத் தள்ளியிருக்கிறது. காசியோபியா நேர் மேலே இருந்தால் கழியுங்கள், கீழே இருந்தால் கூட்டுங்கள். விட்டுவிட்டால் 70 கி.மீ. வரை பிசகும். உயரத்தை அடிவானத்துக்குப் பதிலாக, எதிரே தெரியும் மலை முகட்டிலிருந்து அளந்திருந்தால் இந்தக் கணக்கே வீண்.

கே: எக்ஸிஃப் (படக் கோப்புக்குள் கேமரா பதியும் தகவல்) இரவு 10:14 என்கிறது. தெரிந்த இடம்தான், ஆனால் வானத்தைக் கணித்துக் காட்டும் ஸ்டெல்லேரியம் சாஃப்ட்வேரில் 8:44-க்குத்தான் பொருந்துகிறது. சாஃப்ட்வேர் தவறா?

சாஃப்ட்வேர் மீது பழி போடுமுன் கேமரா மெனுவைத் திறந்து பாருங்கள். வித்தியாசம் மணிக்கணக்கிலோ அரை மணிக்கணக்கிலோ சுத்தமாக வந்தால், பயணத்தில் நேர மண்டலம் மாற்றவில்லை, அல்லது கோடைக்கால நேரம் (சில நாடுகள் கோடையில் கடிகாரத்தை முன்தள்ளி வைப்பது) ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்களுடையது இந்த வகை. 7 நிமிடம், 11 நிமிடம் என்று வந்தால் கடிகாரமே முந்தியோ பிந்தியோ ஓடியிருக்கிறது. இடம் தெரியாத படத்தில் இது உயிர்ப் பிரச்சினை: 4 நிமிடப் பிழை என்றால் தீர்க்கரேகையில் 1 டிகிரி, நிலநடுக்கோட்டருகே 110 கி.மீ. கடிகாரத்தைத் திருத்திவிட்டு என்னிடம் வராதீர்கள், தடயம் போய்விடும். திருத்துமுன், விநாடியோடு நேரம் காட்டும் ஃபோன் திரையை அதே கேமராவில் படமெடுங்கள். அந்தப் படத்தின் எக்ஸிஃபையும் திரையையும் ஒப்பிட்டால் பிழை கையில். மெசேஜ் செயலி வழியாக வந்த படத்தில் எக்ஸிஃப் பெரும்பாலும் உரிந்துபோயிருக்கும். கோப்பின் தேதி என்பது டவுன்லோடு ஆன தேதி. அசல் கோப்பு, அசல் கோப்பு என்று எத்தனை முறை சொல்வது!

கே: கடிகாரமே இல்லாமல், நிலாவை வைத்து நேரம்?

நட்சத்திரங்களுக்கு நடுவே நிலா மணிக்குத் தன் அகலம் அளவு நகர்கிறது. ஆனால் பார்க்கும் இடம் மாறினால் நிலா 1 டிகிரி அளவுக்குக்கூடத் தள்ளித் தெரியும். அது 2 மணி நேரப் பிழை. முதலில் இடத்தைத் தோராயமாக முடிவு செய்யுங்கள்.

கே: நட்சத்திரமே இல்லாத பழைய படம், மாலை நிலா மட்டும்?

இடம் தெரிந்தால் நடக்கும். அமெரிக்காவின் எர்னாண்டஸ் ஊரின் மேல் நிலா எழும் புகழ்பெற்ற படத்துக்கு, அதை எடுத்த ஆன்சல் ஆடம்ஸே ஆண்டை மாற்றி மாற்றிச் சொன்னார். நிலாவின் உயரத்தையும் திசையையும் வைத்து 1941 நவம்பர் 1, மாலை 4:49 என்று 1991-ல் கணித்தார் வானியல் எழுத்தாளர் டெனிஸ் டி சிக்கோ. டிரைபாட் நின்ற இடம் துல்லியமாக வேண்டும். 19 ஆண்டுக்கு ஒருமுறை அதே தேதியில் ஏறக்குறைய அதே நிலா வரும், கவனம்.

கே: பிறையின் இருண்ட பகுதிக்குள் ஒரு நட்சத்திரம் தெரிகிறது!

ஒட்டுவேலை. இருண்டிருந்தாலும் அங்கே நிலா இருக்கிறது, பின்னால் உள்ள நட்சத்திரத்தை மறைத்துவிடும்.