ஸ்கேனை எடுத்துவிட்டு செகண்டரி இன்டெக்ஸ் போட்டால் போதுமா? கோடில் என்னென்ன மாற்ற வேண்டும்?

கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. டைனமோடிபியில் (அமேசானின் கிளவுட் டேட்டாபேஸ்) ஆர்டர்களுக்கு ஒரு டேபிள் வைத்திருக்கிறீர்கள், அதன் பார்ட்டிஷன் கீ (ஒரு ஐட்டம் எந்தப் பகுதியில் இருக்கும் என்று தீர்மானிக்கும் கீ) ஆர்டர் எண். இப்போது இரண்டு தேவைகள் வந்திருக்கின்றன. ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர்களைப் புதியது முதலில் வருமாறு காட்ட வேண்டும். இன்னும் அனுப்பாமல் நிலுவையில் நிற்கும் ஆர்டர்களை பேக்கிரவுண்ட் ஒர்க்கர் எடுத்து அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் ஸ்கேன் போட்டு, அதாவது டேபிள் முழுவதையும் படித்து, ஃபில்டர் வைத்தீர்கள், டேபிள் வளர வளர மெதுவாகிக்கொண்டே போகிறது.

இன்டெக்ஸ் கட்டாயம் வேண்டும். ஆனால் அதைப் போட்டதோடு வேலை முடிவதில்லை, கோடும் சில இடங்களில் மாற வேண்டும். இது தெரியாமல் நான் வேலை செய்த ஒரு புராஜெக்டில் பட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், ஃபில்டர் ஏன் உதவவில்லை? டைனமோடிபியில் ஃபில்டர் வேலை செய்வது படித்து முடித்த பிறகுதான். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1 எம்பி வரை படிக்கும், அதற்குப் பிறகு பொருந்தாதவற்றைத் தள்ளிவிட்டு மீதியைத் தரும். படித்த அளவு முழுவதற்கும் ரீட் யூனிட் (படிப்பதை அளக்கும் அலகு) கணக்கில் ஏறிவிடும். ஒரு பக்கத்தில் பொருந்துவது ஒன்றுகூட இல்லையென்றால் காலியான பதில் வரும், கூடவே 'இன்னும் இருக்கிறது, தொடர்ந்து கேள்' என்று ஒரு தொடர்ச்சிக் கீயும் வரும். காலியான பட்டியலைப் பார்த்ததும் 'ஆர்டர் எதுவும் இல்லை' என்று முடிவுசெய்கிற கோடை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுடையதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முடிவு வந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அந்தத் தொடர்ச்சிக் கீ இல்லாமல் போவதுதான்.

அடுத்தது இன்டெக்ஸ். குளோபல் செகண்டரி இன்டெக்ஸ், சுருக்கமாக ஜிஎஸ்ஐ, என்பதை அதே தரவின் இன்னொரு பிரதி என்று நினைத்துக்கொள்ளுங்கள். கீ வேறு, இடம் வேறு. மெயின் டேபிளில் எழுதிய பிறகுதான் மாற்றம் அங்கே போய்ச் சேரும். சாதாரணமாக ஒரு நொடிக்கும் குறைவாகவே ஆகும், ஆனால் உத்தரவாதம் கிடையாது. ஜிஎஸ்ஐயிடம் ஸ்ட்ராங் கன்சிஸ்டன்ட் ரீட், அதாவது கடைசியாக எழுதியது வரை கட்டாயம் காட்டும் ரீட், கேட்கவே முடியாது. லோக்கல் செகண்டரி இன்டெக்ஸில் அது முடியும். ஆனால் அதை டேபிள் உருவாக்கும்போதே வைத்திருக்க வேண்டும், மெயின் டேபிளின் பார்ட்டிஷன் கீயே அதற்கும் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் டேபிளுக்கு அது பொருந்தாது. ஆக, ஜிஎஸ்ஐதான்.

முதல் தேவை சுலபமானது. வாடிக்கையாளர் எண்ணைப் பார்ட்டிஷன் கீயாகவும் ஆர்டர் நேரத்தைச் சார்ட் கீயாகவும் (ஒரே பார்ட்டிஷன் கீ உள்ளவற்றை வரிசைப்படுத்தும் கீ) வைத்து ஓர் இன்டெக்ஸ் போடுங்கள். நேரத்தை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், ஒரே டைம்சோனில், ஒரே நீளமுள்ள சரமாக எழுதினால் எழுத்து வரிசையே கால வரிசையாகிவிடும். கோடில் குவெரி அழைப்பில் டேபிள் பெயரோடு இன்டெக்ஸ் பெயரையும் கொடுங்கள், கீ கண்டிஷனில் வாடிக்கையாளர் எண்ணை வையுங்கள், வரிசையைத் தலைகீழாகக் கேளுங்கள், ஒரு பக்கத்துக்கு 20 என்று வரம்பு போடுங்கள். அடுத்த பக்கத்துக்கான தொடர்ச்சிக் கீயில் இன்டெக்ஸின் கீகளோடு மெயின் டேபிளின் கீயும் இருக்கும். அதைப் பிரிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இன்டெக்ஸில் எந்தெந்த ஃபீல்டுகளை நகலெடுப்பது என்பதையும் உருவாக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது, புதிய இன்டெக்ஸ்தான் போட வேண்டியிருக்கும். பட்டியல் திரைக்குத் தேவையான தொகை, நிலை மாதிரி சிலவற்றை மட்டும் சேர்த்தால் போதும் என்பது என் கருத்து. ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இன்டெக்ஸிலிருந்து வருவது முழு ஆர்டர் இல்லை. அதை முழு ஆர்டர் என்று நினைத்து ஒரு ஃபீல்டை மாற்றிவிட்டு, மொத்தமாக புட் செய்து (பழைய ஐட்டத்தின் இடத்தில் புதியதை முழுவதுமாக எழுதி) சேமித்தால், இன்டெக்ஸில் இல்லாத ஃபீல்டுகள் எல்லாம் மெயின் டேபிளிலிருந்து அழிந்துபோகும். பிழைச் செய்தி எதுவும் வராது. முகவரி காணாமல் போனது பல நாள் கழித்துத்தான் தெரியவரும். இதனால் இன்டெக்ஸ் தருவதற்குக் கோடில் தனி டைப் வைத்துவிடுவேன். முழு ஆர்டருக்கு ஒரு டைப், ஆர்டர் சுருக்கத்துக்கு இன்னொன்று. சேமிக்கும் ஃபங்ஷன் முழு ஆர்டரை மட்டுமே ஏற்கும்.

சரி, இப்போது நிலுவை ஆர்டர்கள். நான் பட்டது இங்கேதான்.

நாங்கள் செய்தது, எல்லோருக்கும் முதலில் தோன்றுவதுதான். நிலை என்ற ஃபீல்டையே இன்டெக்ஸின் பார்ட்டிஷன் கீயாக வைத்தோம். ஒர்க்கர் 'நிலுவை' என்று கேட்கும், வந்தவற்றை ஒவ்வொன்றாக அனுப்பும், பிறகு நிலையை 'அனுப்பியாச்சு' என்று மாற்றும். டெஸ்டில் எல்லாம் சரியாக ஓடியது. புரொடக்‌ஷனில் சில வாடிக்கையாளர்களுக்கு ஒரே ஆர்டர் இரண்டு தடவை போனது. ஒர்க்கர் ஒன்றை முடித்து மெயின் டேபிளில் நிலையை மாற்றிவிட்டது, ஆனால் இன்டெக்ஸில் அது இன்னும் நிலுவையாகவே இருந்த அந்தச் சிறு இடைவெளியில் அடுத்த சுற்று அதை மறுபடி எடுத்துவிட்டது. லோடு அதிகமான நேரங்களில் மட்டும் வந்ததால், காரணத்தைக் கண்டுபிடிக்கவே நாள்கணக்கில் ஆனது.

அதற்குள் யாரோ ஐந்து நொடி ஸ்லீப் போட்டுப் பார்த்தார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எத்தனை நொடி போதும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்டெக்ஸ் சொல்வதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, முடிவை மெயின் டேபிளிடம் விடுவதுதான் சரியான வழி. இன்டெக்ஸிலிருந்து ஆர்டர் எண்ணை மட்டும் எடுங்கள். அனுப்பும் முன் மெயின் டேபிளில் ஒரு கண்டிஷனல் அப்டேட் போடுங்கள்: நிலை இன்னும் நிலுவையாக இருந்தால், வேறு யாரும் எடுத்திருக்காவிட்டால், 'நான் எடுத்துக்கொண்டேன், இத்தனை மணி வரை' என்று எழுது. கண்டிஷன் சரிபார்ப்பு எப்போதும் மெயின் டேபிளின் அந்த நேரத்து உண்மையான மதிப்பின் மேல்தான் நடக்கும். இரண்டு ஒர்க்கர்கள் ஒரே நேரத்தில் முயன்றாலும் ஒன்றுதான் ஜெயிக்கும். தோற்றவருக்குக் கண்டிஷன் தோற்றது என்ற எக்செப்ஷன் வரும். அதைப் பிழையாக லாக் செய்யவோ ரிட்ரை செய்யவோ வேண்டாம், அடுத்த ஆர்டருக்குப் போய்விடுங்கள்.

அந்த 'இத்தனை மணி வரை' முக்கியம். எடுத்துக்கொண்ட ஒர்க்கர் நடுவில் செத்துவிட்டால் ஆர்டர் அப்படியே தொங்கும். நேரம் கடந்திருந்தால் இன்னொருவர் எடுக்கலாம் என்று கண்டிஷனிலேயே சேர்த்துவிடுங்கள். அனுப்பிய பிறகு, நிலையை மாற்றும் முன் செத்தால் என்ன ஆகும்? அப்போது ஆர்டர் இரண்டாவது தடவை போகத்தான் செய்யும், டேபிளால் அதைத் தடுக்க முடியாது. அனுப்பும் பக்கத்துக்கு ஆர்டர் எண்ணையே அடையாளமாகக் கொடுத்து, ஒரே எண் இரண்டு முறை வந்தால் அங்கே தள்ளிவிடச் செய்ய வேண்டும்.

நிலையைக் கீயாக வைத்ததில் இன்னொரு சிக்கலும் இருந்தது. புதிய ஆர்டர்கள் எல்லாமே நிலுவை என்ற ஒரே மதிப்போடு வருவதால் இன்டெக்ஸில் ஒரே பார்ட்டிஷனில் போய்க் குவிகின்றன. ஒரு பார்ட்டிஷன் தாங்குவது நொடிக்கு 1000 ரைட் யூனிட். இன்டெக்ஸால் தாங்க முடியாதபோது மெயின் டேபிளில் எழுதுவதே திராட்டில் ஆகும், வரம்பு மீறியதாக மறுக்கப்படும். அதாவது, ஒரு பட்டியலை வேகமாகப் படிக்க வைத்த இன்டெக்ஸ், வாடிக்கையாளர் ஆர்டர் போடுவதையே நிறுத்திவிடும். மெயின் டேபிளின் கிராஃப் சாதாரணமாகத்தான் இருக்கும். இன்டெக்ஸுக்குத் தனி மெட்ரிக் இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும்.

நாங்கள் கடைசியில் மாறியது இப்படி. நிலுவை வாளி என்று தனி ஃபீல்டு. ஆர்டர் எண்ணின் ஹாஷிலிருந்து (அந்த எண்ணைக் கொண்டு கணக்கிடும், சீராகப் பரவும் மதிப்பு) 0 முதல் 9 வரை ஒரு எண் அதில் வரும். ஆர்டர் முடிந்ததும் அந்த ஃபீல்டையே நீக்கிவிடுவோம். இன்டெக்ஸின் கீயாக உள்ள ஃபீல்டு இல்லாத ஐட்டம் இன்டெக்ஸில் இருக்காது, ஆகவே லட்சக்கணக்கில் பழைய ஆர்டர்கள் இருந்தாலும் இன்டெக்ஸில் இருப்பது நிலுவையில் உள்ளவை மட்டுமே. ஒர்க்கர் பத்து வாளிகளையும் தனித்தனியாகக் கேட்கும். கோடில் ஒரு லூப் கூடுகிறது, அவ்வளவுதான். உங்களுக்கு ஒரு நாளைக்குச் சில ஆயிரம் ஆர்டர்தான் என்றால் வாளி பிரிப்பதே தேவையில்லை, முடிந்ததும் நீக்குவதை மட்டும் செய்யுங்கள்.

நீக்குவது என்றால் உண்மையிலேயே நீக்குவது. நல் (null, 'மதிப்பு இல்லை' என்ற குறி) எழுதுவதோ வெற்றுச் சரம் எழுதுவதோ இல்லை. கீயாக உள்ள ஃபீல்டில் அவற்றை எழுதினால் டைனமோடிபி மெயின் டேபிளில் எழுதுவதையே மறுத்துவிடும். இன்டெக்ஸ் சேர்க்கும் முன்பு அதே ஃபீல்டில் நல் எழுதிக்கொண்டிருந்த பழைய கோடு ஏதாவது இருந்தால், இன்டெக்ஸ் சேர்த்த அன்றிலிருந்து அது உடையும். சேர்க்கும் முன் அந்த ஃபீல்டை எழுதும் எல்லா இடங்களையும் தேடிப் பாருங்கள். அப்புறம் டிப்ளாய் வரிசை: முதலில் இன்டெக்ஸ், அது பழைய தரவை நிரப்பி முடித்து ஆக்டிவ் ஆனதும்தான் புதிய கோடு. அதற்கு முன் அந்த இன்டெக்ஸைக் கேட்டால் பிழைதான் வரும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இமெயிலுக்கு இன்டெக்ஸ் போட்டு, 'இந்த இமெயில் ஏற்கெனவே இருக்கிறதா' என்று பார்த்துவிட்டுப் பதிவுசெய்வது பாதுகாப்பானது இல்லை. ஜிஎஸ்ஐ தனித்தன்மையைக் காக்காது, ஒரே கீயில் எத்தனை ஐட்டம் வேண்டுமானாலும் இருக்கலாம். இமெயிலையே மெயின் கீயாகக் கொண்ட ஒரு சின்ன ஐட்டத்தை, 'இல்லாவிட்டால் மட்டும் எழுது' என்ற கண்டிஷனோடு, பயனர் பதிவையும் சேர்த்து ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதுங்கள்.

வேறு டேட்டாபேஸுக்குப் போனால் இதில் பாதி மாறிவிடும். மாங்கோடிபியில் ஆவணத்தை எழுதும்போதே இன்டெக்ஸும் மாறிவிடும், பிரைமரியிலிருந்து (எழுதுவதை ஏற்கும் முதன்மை சர்வர்) படித்தால் இந்தப் பின்தங்கல் இல்லை. அங்கே கவலை வேறு: எக்ஸ்பிளெய்ன் (குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்து, இன்டெக்ஸ் உண்மையில் பயன்படுகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும், ஷார்டு கீ (தரவைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவைக்கும் கீ) இல்லாத குவெரி எல்லா ஷார்டுகளுக்கும் போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கசாண்ட்ராவின் பழைய வகை செகண்டரி இன்டெக்ஸ் ஒவ்வொரு நோடும் தன் தரவுக்கு மட்டும் வைத்துக்கொள்வது. பார்ட்டிஷன் கீ இல்லாமல் கேட்டால் பல நோடுகளைத் தட்ட வேண்டிவரும்.

டெஸ்ட் பற்றி ஒன்று. உங்கள் மெஷினில் ஓடும் டைனமோடிபி லோக்கலில் இன்டெக்ஸ் உடனுக்குடன் மாறிவிடுவது போலத்தான் தெரியும். எங்கள் டெஸ்ட் எல்லாம் பச்சையாக இருந்ததற்கு அதுவே காரணம். அதனால் இன்டெக்ஸைக் கேட்கும் ஃபங்ஷனைத் தனியாகப் பிரித்து, டெஸ்டில் அதன் இடத்தில் வேண்டுமென்றே பழைய பதிலைத் தரும் ஒன்றை வையுங்கள்: ஏற்கெனவே அனுப்பிய ஆர்டர் எண்ணை 'நிலுவை' என்று திருப்பிக் கொடுக்கட்டும். ஒர்க்கர் அதை அனுப்பாமல் தாண்டிப் போகிறதா என்று பாருங்கள். அந்த டெஸ்ட் பாஸ் ஆன பிறகு ஸ்கேனைத் தூக்குங்கள்.