கணக்கா மொழியா என்று கேட்கிறீர்களே, அம்மா

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் மொழியியல் படிக்கப் போகிறேன் என்கிறாள். அப்புறம் சங்கேதச் செய்திகளை உடைக்கிற வேலைக்குப் போவாளாம். அது கணக்குக்காரர்கள் வேலையாயிற்றே, மொழி படித்தவளை யார் கூப்பிடுவார்கள் என்பது உங்கள் பயம். அதில் பாதி நியாயம்தான். எந்தப் பாதி என்று சொல்வதற்கு முன் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மேவிஸ் லீவர் 1921இல் லண்டனில் பிறந்தவர். யுனிவர்சிட்டி காலேஜில் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. நர்ஸாகப் போகலாம் என்று கிளம்பினார். ஜெர்மன் தெரிந்தவருக்கு வேறு வேலை இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். முதலில் கிடைத்த வேலை சுவாரசியமானது ஒன்றுமில்லை. டைம்ஸ் நாளிதழில் வரும் வரி விளம்பரங்களுக்குள் உளவாளிகளின் செய்தி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 1940இல், 19 வயதில், எதிரியின் சங்கேதங்களை உடைக்கும் பிரிட்டனின் ரகசிய மையமான பிளெட்ச்லி பார்க்குக்கு அனுப்பப்பட்டார். அங்கே மேலதிகாரி டில்லி நாக்ஸ், பழங்கால கிரேக்கப் பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டுகளை வைத்து மூல வரிகளை மீட்டெடுத்த அறிஞர். வந்து நின்ற பெண்ணிடம் அவர், "நாங்கள் இயந்திரங்களை உடைக்கிறோம், பென்சில் இருக்கிறதா?" என்று கேட்டாராம். பயிற்சி என்று சொன்னால் ஏறக்குறைய அதுதான்.

இத்தாலியக் கடற்படை செய்திகளைச் சங்கேதமாக்க எனிக்மா என்ற இயந்திரம் ஒன்றை வைத்திருந்தது. செய்தி பெரும்பாலும் 'பெர்' (PER) என்று தொடங்கும் என்பது நாக்ஸின் ஊகம். இத்தாலியில் அதற்கு 'இன்னாருக்கு' என்று பொருள். அடுத்த வார்த்தைக்கு முன் இடைவெளி விட வழியில்லாததால் எக்ஸ் எழுத்தைப் போடுவார்கள். ஆகவே முதல் நான்கு எழுத்தும் தெரிந்த மாதிரிதான் என்று எல்லோரும் அதைப் பொருத்திப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேவிஸுக்கு ஒரு செய்தியில் நான்காவது எழுத்து எக்ஸாக வரவில்லை, எஸ்ஸாக வந்தது. தப்பு என்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ அந்த எஸ்ஸை வைத்துக்கொண்டு, எந்த வார்த்தை இப்படித் தொடங்கும் என்று யோசித்தார். 'பெர்சொனாலே' (PERSONALE) என்று விழுந்தது. 'அந்தரங்கம்' என்று அர்த்தம். கவனியுங்கள், அவர் படித்தது ஜெர்மன். இத்தாலி சுமாராகத்தான் தெரியும்.

இன்னொன்று எனக்கு இதைவிடப் பிடிக்கும். எனிக்மாவில் அழுத்திய எழுத்தே சங்கேதத்தில் திரும்பி வராது. 'எல்' (L) எழுத்தை அழுத்தினால் அதைத் தவிர வேறு எதுவும் வரலாம். ஒரு நாள் வந்த நீளமான செய்தியைப் பார்த்த மேவிஸுக்கு அதில் ஒரு 'எல்' எழுத்துகூட இல்லையே என்று பட்டது. எதிரியை ஏமாற்ற, பொருளில்லாத வெற்றுச் செய்தி ஒன்றை அனுப்பும்படி இயந்திரத்தை இயக்குபவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆள் சோம்பேறித்தனமாக 'எல்' என்ற ஒரே எழுத்தை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான். இயந்திரத்தின் உள் இணைப்பைக் கண்டுபிடிக்க அது போதுமாக இருந்தது. இது கணக்கா, மொழியா? இரண்டும் இல்லை என்பேன். இல்லாததைக் கவனிக்கிற கண் அது. 1941 மார்ச்சில் அவர் குழு படித்த இத்தாலியச் செய்தி ஒன்று மூன்று நாளில் ஏதோ நடக்கப்போவதைக் காட்டிக்கொடுத்தது. அதன் முடிவில்தான் கிரேக்கத்துக்குத் தெற்கே பிரிட்டனோடு மட்டபன் முனைக் கடற்போர் நடந்தது. இத்தாலி மூன்று கனரகக் குரூசர் போர்க்கப்பல்களை இழந்தது.

சரி, இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன்.

இன்றைய சங்கேதமுறை அப்படி உடையாது. வார்த்தையை ஊகித்து உள்ளே நுழைகிற காலம் போய்விட்டது. 1977இல் வந்த ஆர்எஸ்ஏ (RSA) என்ற சங்கேதமுறையின் பலமே, இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கத்தைத் திரும்பப் பிரிப்பது கடினம் என்பதுதான். அதை வடிவமைக்கவும் சோதிக்கவும் எண் கோட்பாடு, இயற்கணிதம், நிகழ்தகவு வேண்டும். மொழியியல் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டினால் திறக்காது. உங்கள் பயத்தில் நியாயமான பாதி இதுதான்.

மற்ற பாதி அப்படியில்லை. உளவு அமைப்புகள் மொழியறிந்தவர்களை இன்றும் வேலைக்கு எடுக்கின்றன. செய்தியை உடைத்தபின் அது என்ன சொல்கிறது என்று யாராவது படிக்க வேண்டுமே. பேச்சை உரையாக்குவதும் இயந்திர மொழிபெயர்ப்பும் மொழியியலும் புள்ளியியலும் சேர்ந்த துறைகள். பழைய கையெழுத்துகளிலும் வேலை இருக்கிறது, ஆனால் அங்கே சம்பளம் குறைவு. ஸ்காட்லாந்து அரசி மேரி எழுதிய சங்கேதக் கடிதங்களை 2023இல் படித்துக் காட்டிய மூவரில் ஒருவர் கணினி அறிஞர், ஒருவர் இசைப் பேராசிரியர், ஒருவர் இயற்பியலாளர். பிழைப்புக்காகச் செய்தது அல்ல.

எனவே எந்தப் பாடம் என்பதைவிட வேறொரு கேள்வியை அவளிடம் கேளுங்கள். மொழி பிடித்து மொழிக்குப் போகிறாளா, கணக்குக்குப் பயந்து ஓடுகிறாளா? ஓடுகிறாள் என்றால் இந்தத் துறை அவளைத் துரத்திப் பிடிக்கும். பயமில்லை என்றால் மொழியியலே படிக்கட்டும். கூடவே புள்ளியியலும் நிரல் எழுதுவதும், எழுத்து வேறு இலக்கணம் வேறு என்று சிரமப்படுத்துகிற ஒரு மொழியும்.

2003இலிருந்து சர்வதேச மொழியியல் ஒலிம்பியாட் நடக்கிறது. பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கும். முன்பின் தெரியாத மொழியில் சில வாக்கியங்களைக் கொடுத்து இலக்கணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுங்கள். விடை சரியா என்று பார்க்க வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் பிடிபடாமல் போனபின் என்ன செய்கிறாள் என்று மட்டும் பாருங்கள்.

உறவினர்களிடம் சொல்லிப் பெருமைப்படக்கூடிய வேலையா என்றும் கேட்டிருந்தீர்கள். மேவிஸ் 1942இல் பிளெட்ச்லியிலேயே கணிதக்காரரான கீத் பேட்டியைத் திருமணம் செய்துகொண்டார். போருக்குப் பின் பல பத்தாண்டுகள் இருவரும் வெளியே வாய் திறக்க முடியவில்லை. மூன்று குழந்தைகளை வளர்த்தார், பழைய தோட்டங்களின் வரலாற்றை ஆராய்ந்தார். 1987இல் பிரிட்டன் அவருக்குக் கொடுத்த விருது அந்தத் தோட்டப் பணிக்காக! உங்களுக்கு இது மனம் கசக்கலாம், எனக்குத் தெரியும். அவளுக்குக் கசக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை வரும்போது அவளையும் கூட்டி வாருங்கள். பள்ளிக் கணக்கு நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைப் பார்ப்பதற்காக இல்லை, அடித்துத் திருத்திய இடங்களைப் பார்ப்பதற்காக.