சாவியைச் சந்தேகிக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி. கோட்டை, மரக்கால், நாழி என்று நம் பக்கத்துப் பழைய அளவுகளை லிட்டருக்கு மாற்றித் தரும் ஒரு சின்ன பைத்தான் நூலகத்தைத் திறந்த மூலமாக வெளியிட்டு வருகிறேன். கடைசி வெளியீடு 2022-ல். பதிப்பு என்னுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்துச் சாவி அப்பாவின் அப்பளக் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மாடியிலிருந்து லேப்டாப் வழியாக அதற்குள் போய் 1.4.0 பதிப்புக்குக் கையெழுத்துப் போட்டேன். 'இன்அப்ரோப்ரியேட் ஐஆக்டல் ஃபார் டிவைஸ்' என்று நின்றுவிட்டது. மறுநாள் கரண்ட் போய் வந்த பிறகு கடையிலேயே உட்கார்ந்து செய்தேன். 'டைம் வார்ப்' என்று என்னவோ சொல்லிவிட்டு, சாவி உதவாது என்றது. புதிதாக இரண்டு சாவி உருவாக்கினேன். இரண்டாவது வேலை செய்தது, பொதுச் சாவிகளை எல்லாரும் எடுத்துக்கொள்ள வைக்கும் சாவி சர்வரிலும் ஏற்றிவிட்டேன். ஆனால் என் நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளம் 'அன்வெரிஃபைடு' (சரிபார்க்கப்படாதது) என்கிறது. லேப்டாப்பிலிருந்து பைத்தான் நூலகங்களின் பொதுத் தளமான பைபிஐ-யில் ஏற்றப் போனால் 403 என்ற பிழை. இதற்கிடையில் கடை பில்லில் 2012 என்று தேதி விழுகிறது என்று அப்பா வேறு சத்தம் போடுகிறார். பழைய சாவியை விட்டுவிட்டுப் புதியதையே அறிவித்துவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் பழைய சாவி நன்றாகத்தான் இருக்கிறது. அப்பா சத்தம் போட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் பாதி விடை இருக்கிறது.

மதர்போர்டில் நாணயம் போல ஒரு பட்டன் செல் உண்டு, பெரும்பாலும் சிஆர் 2032. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது செத்துவிட்டால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் ஏதோ ஒரு பழைய தேதிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். இணையத்தைப் பார்த்து நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வசதியும் உங்கள் கடை கம்ப்யூட்டரில் அணைந்து கிடக்க வேண்டும், இல்லையென்றால் பில்லில் 2012 நிலைக்காது. உங்கள் சாவியோ அதற்குப் பல வருஷம் கழித்துப் பிறந்தது. 2012-ல் நிற்கும் இயந்திரத்தின் கண்ணுக்கு அது இன்னும் பிறக்காத சாவி. அதனால்தான் கையெழுத்துப் போடும் மென்பொருளான ஜிபிஜி, சாவி இத்தனை விநாடிகள் எதிர்காலத்தில் உருவானது, கடிகாரக் கோளாறாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டு அதைத் தொட மறுத்தது. அந்தச் செய்தியின் கடைசி வார்த்தைகளே 'கிளாக் பிராப்ளம்'தான். பதற்றத்தில் 'சாவி உதவாது' என்பது மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது.

புதுச் சாவி ஏன் வேலை செய்தது என்பதும் இதிலேயே விளங்கிவிடும். அதை நீங்கள் தவறான கடிகாரத்தின் கீழ் உருவாக்கினீர்கள். அது 2012-ல் பிறந்த சாவி, கையெழுத்தும் 2012-ல் போட்டது, அதனால் இயந்திரத்துக்குக் கணக்கு சரியாக வந்தது. சாவியின் விவரத்தை எடுத்து உருவான தேதியைப் பாருங்கள், நான் சொல்வது தெரியும். கிட்ஹப்பில் வந்த 'அன்வெரிஃபைடு' இதற்குச் சம்பந்தமில்லாதது. புதுச் சாவியின் பொதுப் பகுதியை உங்கள் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். சாவி சர்வரில் ஏற்றினால் கிட்ஹப்புக்கும் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பே கிடையாது.

பிழை வந்த உடனே அந்தானிக்குப் புதுச் சாவி போடுவதை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்று சொல்ல வேண்டும். பத்தமடைப் பாயில் மணமக்கள் பெயரை நெய்து தருவார்களே, அந்தப் பெயர் பாயோடு சேர்ந்தது. பிரித்தெடுத்து வேறு பாயில் ஒட்ட முடியாது. டிஜிட்டல் கையெழுத்தும் அப்படித்தான். தனிக் கோப்பாக இருந்தாலும் அந்த மூலக்கோப்போடு பின்னப்பட்டது. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் பொருந்தாது. ஆனால் அதை நெய்தவர் யார் என்று நம்புவதற்குப் பயனருக்கு இருக்கும் ஒரே பிடி, போன முறையும் இதே சாவிதான் என்பது. என் பழைய லேப்டாப்பின் டிஸ்க் போனபோது நகல் இல்லாமல் நானும் புதுச் சாவியில் ஒரு பதிப்பை வெளியிட்டேன். இரண்டு நாளில் ஒருவர் எழுதினார்: "உங்கள் கணக்கை யாராவது பிடித்துவிட்டார்களா?" அவர் கேட்டது முழுக்க நியாயம். பழைய சாவி கையில் இல்லாததால், நான்தான் என்று அவருக்கு நிரூபிக்க என்னிடம் எதுவுமே இல்லை. உங்களிடம் பழைய சாவி பத்திரமாக இருக்கிறது, அதை விடாதீர்கள்.

ஆகவே முதல் வேலை செல்லை மாற்றுவது, நேரத்தைத் திருத்துவது, தானே திருத்திக்கொள்ளும் வசதியைப் போட்டுவிடுவது. அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் இரண்டும் இருந்தால் இன்னொரு சிக்கலும் வரும். விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வன்பொருள் கடிகாரத்தில் எழுதும், லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். நம் நாட்டில் வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம் வரும். ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும் கடிகாரத்தைப் பார்த்தால் காரணம் இதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரம் சரியானதும் பழைய சாவி காலாவதி ஆகிவிட்டதாகத் தெரியலாம், உருவாக்கும்போது கெடு வைத்திருந்தால். அதற்கும் பயப்பட வேண்டாம். கெடுவை நீட்டலாம். சாவி அதேதான், அதை அடையாளம் காட்டும் கைரேகை எண்ணும் மாறாது. நீட்டிய பிறகு பொதுப் பகுதியை மறுபடி சாவி சர்வரில் ஏற்றுங்கள். கிட்ஹப்பில் பழைய பிரதியை நீக்கிவிட்டுப் புதிய பிரதியைச் சேருங்கள்.

மாடியிலிருந்து செய்தபோது வந்த ஐஆக்டல் பிழை தனிக் கதை. கையெழுத்துப் போடும் முன், ஜிபிஜி-யின் பின்னணியில் ஓடும் ஜிபிஜி-ஏஜென்ட் உங்களிடம் கடவுச்சொல் கேட்க வேண்டும். நீங்கள் வேறு இயந்திரத்திலிருந்து நுழைந்திருக்கிறீர்கள். எந்தத் திரையில் கேட்பது என்று அதற்குத் தெரியவில்லை. கேட்க முடியாமல் விழுந்துவிட்டது. ஜிபிஜி டிடிஒய் என்ற சூழல் மாறியில் உங்கள் டெர்மினலின் (கட்டளை அடிக்கும் திரை) பெயரை வைத்தால் சரியாகிவிடும். ஷெல்லின் தொடக்கக் கோப்பில் ஒரு வரியாக எழுதிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் ஏஜென்ட்டை நிறுத்தி மறுபடி எழுப்புங்கள். பிறகு நேரே கிட்டுக்கு (நிரலின் பதிப்புகளைப் பதிந்துவைக்கும் கருவி) போகாமல், ஏதாவது ஒரு வரியைக் கொடுத்து ஜிபிஜி-யையே தனியாகக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பாருங்கள். அங்கே நின்றால் கோளாறு ஜிபிஜி-யில். அங்கே ஓடி கிட்டில் நின்றால், கிட் வேறு சாவியைத் தேடுகிறது என்று அர்த்தம். இப்போது உங்களிடம் மூன்று சாவிகள் இருப்பதால் அதற்கு வாய்ப்பு அதிகம். கிட் அமைப்பில் பழைய சாவியின் முழு 40 எழுத்துக் கைரேகை எண்ணையும் எழுதிவையுங்கள். கடைசி 8 எழுத்து போதும் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். அதே 8 எழுத்து வரும்படி போலிச் சாவி செய்வது எளிது.

இனி 403. இதற்கும் கையெழுத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கையெழுத்து என்பது இந்தக் கோப்பை யார் செய்தது என்ற சாட்சி. 403 என்பது வாசலில் நிற்பவர் உங்களை உள்ளே விடவில்லை என்பது. பத்திரத்தில் போட்ட கையெழுத்து சரியாக இருந்தாலும் பதிவு அலுவலக வாசலில் வேறு காரணத்துக்காக நிறுத்தலாம் அல்லவா? நீங்கள் கடைசியாக 2022-ல் ஏற்றியது கணக்கின் கடவுச்சொல்லை வைத்துத்தான் இருக்கும். 2024 ஜனவரியிலிருந்து பைபிஐ-யில் எல்லாருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். கடவுச்சொல்லை வைத்து ஏற்ற முடியாது, பைபிஐ கணக்கில் எடுக்கும் டோக்கன் என்ற நீண்ட ரகசியச் சரம் வேண்டும். பயனர் பெயர் இடத்தில் உங்கள் பெயரைப் போடக் கூடாது. 'டோக்கன்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சிறிய எழுத்தில் எழுதி, முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட வேண்டும். கடவுச்சொல் இடத்தில் டோக்கனை முழுதாக, 'பைபிஐ' என்று தொடங்கும் முன்னொட்டையும் விடாமல் ஒட்டுங்கள். லேப்டாப்பின் ஹோம் கோப்புறையில் உள்ள பழைய பைபிஐஆர்சி கோப்பையும், கீரிங்கில் (கடவுச்சொற்களின் பெட்டகம்) சேமித்த பழைய கடவுச்சொல்லையும் பாருங்கள். நீங்கள் புதியதைக் கொடுத்ததாக நினைப்பீர்கள், ஏற்றும் கருவி பழையதை அனுப்பிக்கொண்டிருக்கும். சோதனைத் தளமான டெஸ்ட்பைபிஐ-யின் கணக்கும் டோக்கனும் வேறு, இங்கே செல்லாது. டோக்கனை அந்த ஒரு நூலகத்துக்கு மட்டும் என்று வரம்பிட்டு எடுங்கள். தவறி வெளியே போனாலும் சேதம் அந்த நூலகத்தோடு நிற்கும்.

இன்னொன்று. பழைய வழிகாட்டிகளில் ஏற்றும்போதே ஜிபிஜி கையெழுத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருப்பார்கள். 2023 மே மாதமே பைபிஐ அதை விட்டுவிட்டது. உங்கள் கையெழுத்து கிட் டேக்கிலும் (பதிப்பைக் குறிக்கும் பெயர்ச்சீட்டு) கிட்ஹப் வெளியீட்டுப் பக்கத்திலும் இருந்தால் போதும். பின்னாளில் கிட்ஹப்பிலிருந்து தானாகவே வெளியிடும் 'டிரஸ்டட் பப்ளிஷிங்' முறைக்குப் போகலாம். அதில் டோக்கனை எங்கும் சேமிக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு முறையும் 15 நிமிஷம் மட்டும் வாழும் டோக்கன் கிடைக்கும். நல்ல முறை, ஆனால் இந்த வெளியீட்டை முடித்துவிட்டுப் பைய மாறுங்கள். ஓடாத வண்டிக்கு ஓட வைக்கும் முன்பே இன்ஜின் மாற்ற வேண்டாம்.

புதிய சாவிகளில் வெளியே போகாததை நேரே அழித்துவிடலாம். சாவி சர்வரில் ஏற்றியதை அழித்தால் போதாது. சர்வரில் அது நிற்கும், உங்கள் பெயரில் யாராவது எடுத்து நம்பக்கூடும். அதை ரத்துச் செய்ய வேண்டும். ஜிபிஜி சாவி உருவாக்கும்போதே ரத்துச் சான்றிதழ் ஒன்றையும் எழுதி, அதன் கோப்புறைக்குள் 'ஓபன்பிஜிபி-ரெவாக்ஸ்' என்ற உள்கோப்புறையில் வைத்திருக்கும். அதை இறக்குமதி செய்து, ரத்தான சாவியை மறுபடி அதே சர்வரில் ஏற்றுங்கள்.

2012 தேதியோடு போய்விட்ட 1.4.0 டேக்கை அழித்து அதே பெயரில் மறுபடி போடத் தோன்றும். போடாதீர்கள். ஏற்கெனவே இறக்கிவைத்தவர்களிடம் பழையதே நிற்கும், இரண்டில் எது உண்மை என்று அவர்களால் சொல்ல முடியாது. அதை அப்படியே விட்டு, 1.4.1 என்று பழைய சாவியால் கையெழுத்துப் போடுங்கள். டேக்கைத் தனியாகக் கிட்ஹப்புக்குத் தள்ள (புஷ்) மறக்காதீர்கள். சாதாரணமாகத் தள்ளும்போது டேக் கூடப் போகாது. எல்லாம் முடிந்ததும் இந்த இரண்டு இயந்திரமும் அல்லாமல், நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரில் உங்கள் நூலகத்தை இறக்கி நிறுவி, டேக்கின் கையெழுத்தையும் அங்கேயே சரிபாருங்கள். நல்ல கையெழுத்து என்று அங்கே வந்த பிறகு, பழைய சாவியையும் அதன் ரத்துச் சான்றிதழையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்துக் கடைக்கு வெளியே எங்காவது வைத்துவிடுங்கள்.