லைஃப்டைம் விண்டோஸுக்கு 3,500 ரூபாயா? கொடுக்காதீர்கள்

கேள்வி: பாம்பனில் சின்னதாக ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு, பயோடேட்டா, ரயில் டிக்கெட் எல்லாம் ஒரே மடிக்கணினியில்தான். ஐ3-6006யூ, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. இனி அப்டேட் வராது என்று திரையில் வந்துகொண்டே இருக்கிறது. ராம்நாட்டில் ஒரு கடையில் கேட்டதற்கு, 3,500 ரூபாய்க்கு லைஃப்டைம் விண்டோஸ் 11 போட்டு, ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் சேர்த்துத் தருகிறோம், மெஷினை ஒருநாள் விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். இன்ஜினியரிங் படிக்கும் அண்ணன் மகன், "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்க அத்தை, காசே வேண்டாம்" என்கிறான். பத்து வருஷத்து மனுக்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. மீன்பிடித் தடைக்காலம் வேறு, வீட்டுக்காரர் படகு கரையில் நிற்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்த 3,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள், சகோதரி. மற்றதையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

உங்கள் மடிக்கணினியின் பெயரிலேயே விடை இருக்கிறது. ஐ3 என்பதற்குப் பின்னால் 6006 என்று போட்டிருக்கிறதல்லவா, அதன் முதல் இலக்கம் 6. ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் வாசல்படி, இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றிவிட முடியும், அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் வரும் என்று நாங்கள் உறுதி தர மாட்டோம் என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. அப்டேட் வராது என்ற பயத்தில்தானே கடைக்குப் போனீர்கள்? அதே குறையை 3,500 கொடுத்து மறுபடி வாங்கி வருவானேன்?

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருகிறார்கள். அமைப்புகளை அவர்கள் கணக்கில் பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் அதற்குக் காசு இல்லை. இது மூச்சு வாங்கிக்கொள்ளத்தான். ஆனாலும் இந்த வசதி இருக்கிறது என்று அந்தக் கடையில் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது அந்த 'லைஃப்டைம்' என்ன என்று பார்ப்போம். இருபது வருஷமாக இந்தக் கரையோர ஊர்களில் கணினி பிரித்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைப் பையன் முதலில் என்ன செய்கிறான் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். விண்டோஸ் ஏற்றியவுடன் பாதுகாப்பு அமைப்புக்குள் போய், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான் டிஃபெண்டரை அணைப்பான். அப்புறம் தன் பென்டிரைவைச் செருகி, அதிலிருக்கும் 'ஆக்டிவேட்டர்' என்கிற குட்டி நிரலை அட்மின் உரிமையோடு ஓடவிடுவான். அரை நிமிஷத்தில் 'ஆக்டிவேட்டட்' என்று வந்துவிடும். நீங்களும் சந்தோஷமாகக் காசைக் கொடுப்பீர்கள்.

டிஃபெண்டரை ஏன் அணைத்தான்? விழித்திருந்தால் அது அந்த நிரலைப் பிடித்துவிடும். காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டு உள்ளே விட்ட ஆள் விருந்தாளியா? அந்த நிரலை எழுதியவர் யார் என்று பையனுக்குத் தெரியாது, அவன் முதலாளிக்கும் தெரியாது. இணையத்தில் எங்கேயோ எடுத்தது, பென்டிரைவ் பென்டிரைவாகக் கைமாறி வந்தது. கூடவே தரும் போட்டோஷாப்புக்கும் இதே கதைதான். நிரல் சும்மா இருக்கலாம். நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் எங்கோ அனுப்பிக்கொண்டும் இருக்கலாம். உங்கள் கடைக்கு வருகிறவர்கள் ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் உங்களை நம்பித்தான் நீட்டுகிறார்கள். நாளைக்கு ஒருவர் கணக்கில் பணம் போனால் முதலில் உங்களிடம்தான் வந்து நிற்பார்.

300, 400 ரூபாய்க்கு 'ஒரிஜினல் கீ' என்று விற்பார்களே, அதையும் நம்ப வேண்டாம். பெரும்பாலும் ஏதோ நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த உரிமத்தைச் சில்லறையாக விற்பது. எப்போது செத்துப்போகும் என்று விற்றவருக்கே தெரியாது.

இன்னொன்று, மெஷினை ஒருநாள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். விண்டோஸ் ஏற்ற ஒரு மணி நேரம் போதும், ஒரு நாள் எதற்கு? உப்புக்காற்றில் கிடக்கும் மெஷின்களில் ரேமின் தங்க நிறப் பற்கள் மங்கிப் பச்சை பூத்துவிடும். திரை கறுத்து நிற்கும், உயிர் இருக்காது. எனக்குத் தெரிந்த, மண்டபம் ஊர்க்காரர் ஒருவரிடம் ஒரு கடையில் "மதர்போர்டு போச்சு, 7,000 ஆகும்" என்றார்கள். அவர் என்னிடம் கொண்டுவந்தார். ரேமைக் கழற்றி, பேத்தியின் பென்சில் ரப்பரால் அந்தப் பற்களை நாலு தேய் தேய்த்து, ஊதிவிட்டு மாட்டினேன். ஓடியது. அவர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் கவனித்தேன், உள்ளே இருந்தது 2 ஜிபி ரேம். வாங்கும்போது 4 ஜிபி என்கிறார் அவர். எந்தக் கடையில் மாறியது என்று யாரைப் போய்க் கேட்பது? அதனால் எங்கே கொடுத்தாலும் ரேம், ஹார்ட் டிஸ்க் ஸ்டிக்கர்களை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே உட்காருங்கள்.

சரி, லினக்ஸ். உங்கள் அண்ணன் மகன் சொல்வது சரிதான். ஆனால் அவனைப் போன்ற ஆர்வலர்கள் நாலு பேர் சேர்ந்தால் நடக்கும் சண்டை உங்களுக்கு வேண்டாம். லினக்ஸில் பல வகை உண்டு, ஒருவன் டெபியன் என்பான், ஒருவன் ஆர்ச் என்பான். ஸ்னாப்பா ஃபிளாட்பாக்கா, எக்ஸ்11ஆ வேலண்டா என்று விடிய விடியப் பேசுவார்கள். மீன் குழம்புக்குப் புளியா மாங்காயா என்கிற மாதிரிதான். எல்லாம் குழம்புதான், உங்களுக்குச் சோறு வேண்டும். லினக்ஸ் மின்ட் போடச் சொல்லுங்கள், அதிலும் எக்ஸ்.எஃப்.சி.இ. என்கிற பதிப்பு. 4 ஜிபிக்கு அது இலகு. முகப்பும் பழைய விண்டோஸ் மாதிரியே, கீழே பட்டை, ஓரத்தில் மெனு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. மென்பொருளுக்குக் காசில்லை. ஏற்றித் தருகிறவர் உழைப்புக்கு 500 ரூபாய் கேட்டால் கொடுக்கலாம். 'லைசென்ஸ் கட்டணம்' என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்ய விடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் இடத்தில் மாட்டும், அதைவிட வேகமான 256 ஜிபி எஸ்.எஸ்.டி ஒன்று வாங்கி மின்ட்டை அதில் ஏற்றுங்கள். செலவழிப்பது என்றால் அதற்கு மட்டும் செலவழியுங்கள், மெஷின் புதிது மாதிரி ஓடும். பழைய டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் மறுபடி அதையே மாட்டினால் உங்கள் பழைய விண்டோஸ் அப்படியே எழுந்து வரும்.

பாமினிக்கு வருகிறேன், உங்கள் உண்மையான பயம் அதுதான். பாமினியில் நீங்கள் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது தமிழே இல்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகள்தான். அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை போட்டு விடுவது அந்த எழுத்துரு. லினக்ஸிலும் அதே எழுத்துருக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால் பத்து வருஷ மனுக்களும் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸில் திறக்கும். வரி இங்கே ஒன்று அங்கே ஒன்று நகரும், திருத்திக்கொள்ளலாம்.

ஆனால் புதிதாக அடிப்பதை யூனிகோடில் அடியுங்கள், அதில் கோப்புக்குள் பதிவாவதே தமிழ் எழுத்துதான். விரல் பழக்கம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ய ள ன க ப என்று டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்த நடுவரிசையைத்தான் பாமினியும் வைத்திருக்கிறது. லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்று இரண்டு நிரல்கள் உண்டு, அவற்றைப் போட்டால் டைப்ரைட்டர் விசைப்பலகையும் தமிழ் 99 என்கிற விசைப்பலகையும் சேர்ந்தே கிடைக்கும். சில விசைகள் இடம் மாறியிருக்கும், ஒரு வாரம் கை தடுமாறும். பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற இணையத்தில் எத்தனையோ மாற்றிகள் இருக்கின்றன. ஊரார் மனுவை, முகவரியும் ஆதார் எண்ணுமாக, அங்கே கொண்டுபோய் ஒட்டாதீர்கள். ஓபன்-தமிழ் என்ற பைத்தான் மொழி நிரல் தொகுப்பில் பாமினியை மாற்றும் வசதி இருக்கிறது. அண்ணன் மகனுக்கு அதைக் கொடுங்கள், வீட்டிலேயே உட்கார்ந்து மாற்றித் தரட்டும்.

இதில் எரிச்சல் என்னவென்றால், யூனிகோடைப் பயன்படுத்த வேண்டும் என்று தமிழக அரசு 2010இல், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டியே ஆணை போட்டுவிட்டது. ஆனால் இன்றைக்கும் ஓர் அலுவலகத்துக்குள் யூனிகோட் கோப்பைக் கொண்டு போனால், "வானவில்லில் இருந்தா கொடுங்க" என்று பாமினி மாதிரியே இன்னொரு பழைய எழுத்துருவைக் கேட்கிறார்கள். அந்த மேசைக்காக மக்கள் டைப்பிங் கடைக்கு இரண்டாம் முறை அலைகிறார்கள். விலையில்லா மடிக்கணினி கதையும் இதுதான். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, பிள்ளைகள் வாங்கிய வாரமே அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டார்கள். லினக்ஸ் என்றால் 'அந்த ஓடாத கவர்மென்ட் சாமான்' என்ற பெயர் ஊருக்குள் வந்தது அப்படித்தான்.

பிரிண்டர் என்ன மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. ஜெராக்ஸ் கடைக்கு அதுதான் உயிர், அதைப் போய் விட்டுவிட்டீர்களே! எச்.பி. என்றால் பெரும்பாலும் செருகினாலே அடையாளம் கண்டுகொள்ளும். எப்சன் எல் வரிசைக்கும் டிரைவர் கிடைக்கும். ஒன்று மட்டும் விதிவிலக்கு, நம் பக்கத்தில் பாதிக் கடைகளில் அதுதான் உட்கார்ந்திருக்கிறது என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன்: கேனான் எல்.பி.பி. 2900. உழைப்பில் குறை சொல்ல முடியாது, டோனரும் மலிவு. ஆனால் அதற்குத் தனியாக யோசிக்கத் தெரியாது. பக்கத்தைக் கணினியே முழுதாக வரைந்து, கேப்ட் என்கிற அதன் சொந்த பாஷையில் ஊட்டிவிட வேண்டும். எல்லாப் பிரிண்டருக்கும் பொதுவான பாஷை எதுவும் அதற்குப் புரியாது. லினக்ஸுக்கென்று கேனான் ஒரு டிரைவர் கொடுத்தது, அது பழசு, புது லினக்ஸில் முரண்டு பிடிக்கும். அந்த பாஷையைத் தாங்களே துருவிக் கண்டுபிடித்து ஆர்வலர்கள் எழுதிய டிரைவர் ஒன்றும் இருக்கிறது. ஓட வைத்துவிடலாம், ஆனால் உங்களால் தனியாக முடியாது, விவரம் தெரிந்த ஆள் அரைநாள் உட்கார வேண்டும். உங்களுடையது 2900 என்றால் பையனை முதலில் அந்த வேலையை முடிக்கச் சொல்லுங்கள். ஓடவில்லையென்றால் எஸ்.எஸ்.டி வாங்கவே வாங்காதீர்கள், அந்த ஓராண்டு நீட்டிப்பில் பதிந்துகொண்டு விண்டோஸ் 10லேயே இருங்கள்.

இதைக் காசு செலவில்லாமல் சோதிக்கலாம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மின்ட்டை எழுதி, அதிலிருந்தே மெஷினைக் கிளப்பினால் லினக்ஸ் ஓடும். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. டெஸ்க்டாப்பில் 'இன்ஸ்டால்' என்று இருப்பதை மட்டும் தொடக் கூடாது. கடை மூடிய பிறகு ஒரு ராத்திரி உட்கார்ந்து வைஃபை பிடிக்கிறதா, ஸ்கேனர் தெரிகிறதா, ஒரு பாமினி மனு பிரிண்ட் ஆகிறதா என்று பாருங்கள். விரல் ரேகைக் கருவி வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்றால் அதைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள், அவற்றுக்கான நிரல்களைப் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் தருகிறார்கள். கணக்கு எழுதும் டாலியும் விண்டோஸுக்குத்தான்.

பிரிண்டர் மாடல் எண்ணை எழுதி அனுப்புங்கள். மடிக்கணினியை ஏற்கெனவே அந்தக் கடையில் விட்டிருந்தால் இன்று சாயங்காலமே போய் வாங்கி வந்துவிடுங்கள், ரேமை ஒருமுறை பார்த்துவிட்டு.