கேளுங்கள், சொல்கிறேன்: கெய்ரோவில் ஒரு வீடு, மூன்று தலைமுறை

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது எகிப்திய எழுத்தாளர் நகீப் மஹ்ஃபூஸின் கெய்ரோ முத்தொகுதியைப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த முறை முழுக்க இதுதான்.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): ஒரு நாட்டின் சமூக வரலாறு தெரியவேண்டுமென்றால் நேராக வரலாற்றுப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போகலாமே? ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு குடும்பக் கதை எதற்கு?

பதில்: 1919-ல் எகிப்தில் ஆங்கிலேயருக்கு எதிராகப் புரட்சி வெடித்தது என்று வரலாற்றுப் புத்தகம் சொல்லும். அந்தக் காலத்தில் ஒரு மளிகை வியாபாரியின் வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு யார் உட்கார்ந்தார், யார் நின்றார் என்று சொல்லாது. மஹ்ஃபூஸ் அதைத்தான் சொல்கிறார். அப்பா அகமத் அப்துல் ஜவாத் உட்கார்ந்த பிறகுதான் மூன்று மகன்களும் தட்டைச் சுற்றி உட்காரலாம். தலை நிமிராது, பேச்சு கிடையாது. கடைக்குட்டி கமாலின் கை சுத்தமாக இருக்கிறதா என்று அப்பா நீட்டச் சொல்லிப் பார்ப்பார். அம்மா ஆமினா தண்ணீர்க் கூஜாவோடு பக்கத்தில் நிற்பாள். மகள்கள் இரண்டு பேர் இந்த அறையிலேயே கிடையாது.

சரி, இதே குடும்பத்தை மூன்றாவது பாகத்தில் போய்ப் பாருங்கள். பேரன்களில் ஒருவன் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தில் இருக்கிறான், இன்னொருவன் மார்க்சியவாதி. ஒரே வீட்டில், பெற்றவர்கள் எதிரிலேயே, கடவுள் உண்டா இல்லையா என்கிற அளவுக்குச் சண்டை போடுகிறார்கள். தாத்தா காலத்தில் அப்பாவிடம் வாய் திறக்கவே பயந்த வீடு இது. இடையில் யாரும் சட்டம் போட்டு மாற்றவில்லை. எந்தத் தேதியில் மாறியது என்று கேட்டால் அந்த வீட்டு ஆட்களுக்கே தெரியாது. அதை எழுதிக் காட்ட ஆயிரம் பக்கம் வேண்டித்தான் இருக்கிறது.

கேள்வி (ஈரோடு வாசகி): நீங்கள் சொன்னீர்களே என்று வாங்கி ஆரம்பித்தேன். பெண்டாட்டியை நடுராத்திரி எழுப்பி மாடிப்படியில் விளக்குப் பிடிக்கவைக்கிறான், அவன் மட்டும் வெளியில் பாட்டு, கூத்து, மது என்று திரிகிறான். இந்த ஆளையா நாயகன் என்கிறீர்கள்? மூடி வைத்துவிட்டேன்.

பதில்: எழுப்பவில்லை அம்மா, அவளே எழுந்துகொள்கிறாள். அதுதான் இன்னும் மோசம். பல வருஷப் பழக்கத்தில் கடிகாரம் இல்லாமலே சரியாக நடுநிசிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நாவல் தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

உங்கள் எரிச்சல் நியாயம். ஆனால் மூடாதீர்கள். மஹ்ஃபூஸ் இந்த மனிதரைத் திட்டவும் இல்லை, தூக்கிப் பிடிக்கவும் இல்லை. அவருடைய சிநேகிதர்கள் நடுவே அவரைப்போல ஒரு கலகலப்பான ஆள் கிடையாது. தொழுகையில் நிற்கும்போது அந்தப் பக்தியும் நிஜம், ராத்திரி கஞ்சிரா தட்டும்போது அந்தச் சந்தோஷமும் நிஜம். வீட்டுக்கு மட்டும் வேறு முகம். இப்படி ஒரு பெரியவர் எந்தக் குடும்பத்தில் இல்லை, சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு இடம் வருகிறது. ரகசியச் சந்திப்பு ஒன்றை முடித்துக்கொண்டு நள்ளிரவில் வீடு திரும்புகிறவரை ஆங்கிலேயச் சிப்பாய் துப்பாக்கி முனையில் ஓட்டிக்கொண்டு போகிறான். கிளர்ச்சிக்காரர்கள் தெருவில் தோண்டிவைத்த பள்ளத்தை மூடவேண்டும். எந்த மனிதர் இருமினாலே வீடு அடங்குமோ, அவர் மற்றவர்களோடு மண் சுமக்கிறார். அந்நிய ஆட்சி என்றால் என்ன என்று இதைவிட உறைக்கிற மாதிரி எழுதிவிட முடியாது. குறைந்தபட்சம் அது வரைக்குமாவது படியுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): எகிப்து அரசியல் ஒன்றும் தெரியாமல் இதைப் படிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. கொஞ்சம் தெரிந்தால் போதும். 1914-ல் பிரிட்டன் எகிப்தைத் தன் பாதுகாப்பு நாடு என்று அறிவித்தது. போர் முடிந்ததும் சஅத் ஸக்லூல் தலைமையில் ஒரு குழு சுதந்திரம் கேட்டது. வஃப்து கட்சி வளர்ந்தது அதிலிருந்துதான். 1919 மார்ச்சில் அவரைப் பிடித்து மால்டா தீவுக்கு நாடு கடத்தினார்கள், நாடே கொந்தளித்தது. 1922-ல் சுதந்திரம் என்று பேருக்குக் கொடுத்தார்கள், படையும் சூயஸ் கால்வாயும் அவர்கள் பிடியிலேயே இருந்தன. நாவல் 1917-ல் தொடங்கி 1944-ல் முடிகிறது.

இதற்குள் குடும்பம் எப்படி மாட்டிக்கொள்கிறது என்பதுதான் விஷயம். சட்டம் படிக்கும் மகன் ஃபஹ்மி துண்டுப்பிரசுரம் விநியோகிக்கிறான். அப்பா குர்ஆனைக் கொண்டுவந்து, இனி இதில் இறங்கமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்கிறார். அவன் அழுகிறான், ஆனால் சத்தியம் செய்ய மறுத்துவிடுகிறான். அந்த வீட்டில் அப்பாவின் சொல் முகத்துக்கு நேராக மீறப்படுவது அப்போதுதான். அரசாங்கத்தை எதிர்ப்பதும் அப்பாவை எதிர்ப்பதும் அவனுக்கு ஒன்றாகவே வந்து சேருகிறது, இரண்டில் அப்பாவை எதிர்ப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. கடைசியில் அவன் சாவது கலவரத்தில்கூட இல்லை. ஸக்லூல் விடுதலையானதைக் கொண்டாடும் ஊர்வலத்தில், அனுமதி பெற்று அமைதியாகப் போன ஊர்வலத்தில், குண்டு பாய்கிறது. கடையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் மூன்று இளைஞர்கள் வந்து செய்தி சொல்கிற பக்கங்களை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பதில்லை, முடிவதில்லை.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): மூன்று பாகத்திலும் பெண்களின் நிலை கொஞ்சமாவது மாறுகிறதா, இல்லை ஆண்கள் அரசியல் பேசுவதோடு சரியா?

பதில்: நல்ல கேள்வி, இதற்குத்தான் காத்திருந்தேன். முதல் பாகத்தில் கணவர் வேலையாகப் போர்ட் சையீத் போயிருக்கும்போது, பிள்ளைகள் தைரியம் சொல்லி ஆமினாவை உசேன் பள்ளிவாசலுக்கு அனுப்பிவைக்கிறார்கள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் ஜன்னல் மரச்சட்டத்தின் ஓட்டைகள் வழியாக அந்தக் கோபுரத்தைப் பார்த்திருக்கிறாளே தவிர, கால் வைத்ததில்லை. பக்கத்துத் தெருதான்! போய்த் தொழுதுவிட்டுத் திரும்பும்போது கார் மோதித் தோள்பட்டை எலும்பு முறிகிறது. கணவர் திரும்பி வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அவர் உடனே கத்தவில்லை. வைத்தியம் பார்க்கிறார், எலும்பு கூடுகிற வரைக்கும் பொறுத்திருக்கிறார், நன்றாக எழுந்து நடந்த பிறகு 'உன் அம்மா வீட்டுக்குப் போ' என்கிறார். அந்த நிதானம்தான் நடுங்கவைக்கிறது.

மூன்றாவது பாகத்தில் அவருக்கு நெஞ்சுவலி, கடை மூடியாகிவிட்டது, வெளியே போகக்கூடாது. ஆமினா தினமும் பள்ளிவாசல்களுக்குப் போய்வருகிறாள், யாரையும் கேட்பதில்லை. அவள் எப்போது வருவாள் என்று அவர்தான் வீட்டுக்குள் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மஹ்ஃபூஸ் இதற்கு ஒரு வரி விளக்கம் எழுதவில்லை, தேவையும் இல்லை.

ஆனால் ரொம்பவும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். இளைய மகள், அழகி ஆயிஷாவை நினைத்துப் பாருங்கள். டைபாய்டில் புருஷனும் இரண்டு மகன்களும் போனார்கள், மிச்சமிருந்த மகள் பிரசவத்தில் போனாள். அவளுக்கு எந்தப் புதுக் காலமும் வரவில்லை. மார்க்சியப் பேரன் கட்டிக்கொள்ளும் சூசன் ஹம்மாத் பத்திரிகையில் வேலை பார்க்கிறவள், தொழிலாளி வீட்டுப் பெண், அவனைவிடத் தெளிவானவள். பாட்டி வீட்டின் மரச்சட்ட ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவள் வேறு கிரகம்.

கேள்வி (சேலம் வாசகர்): ஆசிரியர் அரசாங்க உத்தியோகஸ்தராமே? இவ்வளவு எழுத நேரம் எங்கே கிடைத்தது?

பதில்: 1971-ல் ஓய்வு பெறும்வரை அரசாங்க வேலைதான். மிச்ச நேரத்தில் நேரம் தவறாமல் எழுதுவார். முத்தொகுதியை அவர் ஒரே நாவலாகத்தான் எழுதினார். 1952 ஜூலைப் புரட்சிக்குச் சில மாதம் முன்பே முடித்தும்விட்டார். கையெழுத்துப் பிரதியின் பருமனைப் பார்த்துப் பதிப்பாளர் மிரண்டுபோனார். பிறகு பத்திரிகையில் தொடராக வந்து, 1956-லும் 1957-லும் மூன்று புத்தகமாக வெளியானது. ராஜா போய் ராணுவ அதிகாரிகள் வந்தபிறகு பல வருஷம் அவர் நாவலே எழுதவில்லை. நோபல் பரிசு 1988-ல். 1994-ல் வேறொரு நாவலுக்காக ஒரு மதவெறியன் கழுத்தில் கத்தியால் குத்தினான், பிழைத்துக்கொண்டார். ஆனால் எழுதும் கை பாதிக்கப்பட்டது. 2006-ல் காலமானார்.

கேள்வி (கோவை வாசகர்): மூன்றில் எது சிறந்தது? சினிமா வந்திருக்கிறதா?

பதில்: முதலாவது, சந்தேகமே இல்லை. இரண்டாவதில் கமாலின் காதல் புலம்பல் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவன் டார்வினைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிய கட்டுரை அப்பா கண்ணில் பட்டு விசாரணை நடக்கிறதே, அதற்காக எல்லாப் புலம்பலையும் மன்னிக்கலாம். மூன்றாவது அவசரமாக ஓடுகிறது, பேரன்கள் சில இடங்களில் கட்சி அறிக்கை மாதிரி பேசுகிறார்கள்.

சினிமா உண்டு. ஹசன் அல் இமாம் 1964, 1967, 1973-ல் மூன்றையும் எடுத்தார். ஆட்டம் பாட்டம் அதிகம். புத்தகத்தை முடித்துவிட்டுப் பாருங்கள்.

கேள்வி (விருதுநகர் வாசகி): பெயர்கள் குழப்புகின்றன. எப்படிச் சமாளிப்பது?

பதில்: முதல் பக்கத்தில் பென்சிலால் குடும்ப மரம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அப்பா, ஆமினா, முதல் மனைவியின் மகன் யாசீன், பிறகு கதீஜா, ஃபஹ்மி, ஆயிஷா, கமால். யாசீன் பக்கத்தில் மட்டும் இடம் தாராளமாக விடுங்கள், அவன் கல்யாணங்களை எழுத வேண்டியிருக்கும்.