ஈரானிய மொழிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பி.ஏ. வரலாறு இறுதியாண்டில் இருக்கிறேன். முதுகலையில் ஈரானிய மொழிகளையும் அவற்றின் பண்பாட்டையும் படிக்க ஆசை. "ரூமியையும் உமர் கய்யாமையும் மொழிபெயர்ப்பிலேயே படிச்சுக்கலாமே. நமக்கும் ஈரானுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்கிறார் அப்பா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

அப்பா ரூமியும் கய்யாமும் கவிதை எழுதிய பாரசீகத்தை மட்டும் நினைத்துப் பேசுகிறார். நீங்கள் எழுதியிருப்பதோ ஒரு மொழிக்குடும்பத்தின் பெயர். குர்தி, பஷ்தூ, பலூச்சி எல்லாம் அதில் சேர்த்தி. காக்கசஸ் மலைகளில் பேசப்படும் ஒசெத்தியமும் அந்தக் குடும்பம்தான். ஒன்றைக் கற்றால் மற்றவை தாமாக வந்துவிடா. பாரசீகத்தில் ஆண்பால், பெண்பால் கிடையாது. அவனும் அவளும் ஒரே சொல். பஷ்தூவில் பால் உண்டு. அதோடு, 'நான் ரொட்டி தின்றேன்' என்று இறந்தகாலத்தில் சொன்னால் வினைமுற்று 'நான்' என்பதை விட்டுவிட்டு ரொட்டியோடு இயைந்து பெண்பால் விகுதி பெறும். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்று முழுக்க வேறெதுவும் ஓடவில்லை.

மொழிபெயர்ப்பு போதும் என்பதற்கு என் பதில் சொக்தியம். சமர்கந்தைச் சூழ்ந்த நாட்டின் மொழி, பட்டுப்பாதை வணிகர்களின் மொழி. 1907-இல் தொல்லியல் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன் சீனாவின் துன்ஹுவாங் அருகே ஒரு பழைய காவற்கோபுரத்தில் போய்ச்சேராத தபால்களைக் கண்டெடுத்தார். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டவை. அவற்றில் மீவ்னாய் என்ற பெண் கணவனுக்கு எழுதிய கடிதம் ஒன்று. மகளோடு அவளைத் துன்ஹுவாங்கில் விட்டுவிட்டுப் போய்விட்டான் அவன். வீடு திரும்ப அவளிடம் பணமில்லை, உதவ ஆளில்லை. உனக்கு மனைவியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ வாழ்க்கைப்பட்டிருக்கலாம் என்று எழுதுகிறாள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக யாருமே பேசாத மொழி. அதைச் சிலர் எழுத்தெழுத்தாகக் கற்றதால்தான் அவள் கோபம் நம்மிடம் வந்து சேர்ந்தது. மொழிபெயர்ப்பு வேண்டுமென்றாலும் முதலில் ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும் அல்லவா?

சொக்தியத்தின் ஒரு கிளை தஜிகிஸ்தானின் யக்னோப் பள்ளத்தாக்கில் பிழைத்துக் கிடந்தது. 1970-71-இல் சோவியத் அரசு அந்த மலைமக்களைப் பருத்தி வயல்களுக்குப் பெயர்த்துக்கொண்டு போனது. பலர் அந்த வெக்கையில் நோய்கண்டு இறந்தார்கள். பிறகு சில குடும்பங்கள் மலைக்கே திரும்பின. யக்னோபி இன்றும் பேசப்படுகிறது. அவர்களின் பாட்டையும் வசையையும் கேட்டு எழுத ஆள் வேண்டும். பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்புக்கு இடம் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதே இதற்காகத்தான்.

பாரசீகத்திலிருந்தே தொடங்குங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் டெல்லி ஜே.என்.யு.விலும் துறைகள் இருக்கின்றன. பார்சிகளின் மறைநூலான அவெஸ்தாவின் மொழிக்கும், பாரசீகத்தின் பழைய வடிவமான பஹ்லவிக்கும் மும்பையில் அவர்கள் வளர்த்த காமா கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தின் நூலகம் இருக்கிறது. மேற்படிப்புக்கு லண்டனில் சோவாஸ், ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகம். ஆனால் எங்கே போனாலும் ஒரு பழைய மொழி, இன்று பேசப்படும் ஒரு சிறிய மொழி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை வாய்ப்பு குறைவுதான். அதை அப்பாவிடம் மறைக்க வேண்டாம்.

நமக்கென்ன சம்பந்தம் என்று கேட்டாரல்லவா? தாசில்தாரில் உள்ள 'தார்' பாரசீகம். பந்தோபஸ்தும் சிபாரிசும் பாரசீகம். இன்னும் பழையது வேண்டுமென்றால் கி.பி. 849-இன் தரிசாப்பள்ளிச் செப்பேடு, கேரளத்துக் கொல்லத்தின் கிறித்தவத் தேவாலயம் ஒன்றுக்குரியது. வட்டெழுத்தில் எழுதிய அந்த ஆவணத்தின் கடைசியில் சாட்சிகள் சிலர் பஹ்லவியில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சிலர் பாரசீக மொழியை எபிரேய எழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை சென்னைக்கு வரும்போது அப்பாவைப் பரங்கிமலை உச்சியிலுள்ள தேவாலயத்துக்கு அழைத்துப் போங்கள். பீடத்தில் பதித்திருக்கும் கற்சிலுவையைச் சுற்றி ஓடும் எழுத்து பஹ்லவி. அதற்குப் பொருள் என்ன என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒற்றுமை இல்லை. அதை அவருக்குக் காட்டுங்கள்.